டேட்டாவைக் காட்ட மாட்டேன் என்கிறார் சீனியர்: கட்டுரையில் பெயர் சேர்க்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வணிகவியலில் பிஎச்.டி. செய்கிறார். அவருடைய சீனியர் ஒருவர் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தின் ஊழியர்களிடம் சர்வே எடுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இலக்கிய மீளாய்வையும் மொழித் திருத்தத்தையும் செய்து கொடுத்தால் கோ-ஆத்தராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். மூல டேட்டாவைக் கேட்டால், நிறுவனத்தோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது, யாருக்கும் காட்ட முடியாது என்கிறார். பெயர் போடலாமா, நல்ல அக்கவுன்டிங் ஜர்னல் என்றால் இதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் அல்லவா என்பது கேள்வி.

முதலில் பதில். டேட்டாவை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை பெயர் போடாதீர்கள். ஜர்னல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் போடவே போடாதீர்கள்.

நான் பல வருடங்களாக அக்கவுன்டிங் பாடம் நடத்துகிறேன், சில ஜர்னல்களுக்கு ரிவியூவும் செய்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். கட்டுரை போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்தில் வார்த்தைக் காப்பி இருக்கிறதா என்று ஒரு மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பார்கள். எடிட்டர் வாசித்து, ஜர்னலுக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். பொருந்தினால் பெயர்களை மறைத்து இரண்டு ரிவியூவர்களுக்குப் போகும். அவர்கள் கையில் இருப்பது கட்டுரை மட்டும்தான். நிரப்பிய படிவங்களோ எக்செல் கோப்போ பெரும்பாலும் வராது. மாதச் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஒரு பைசா வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிப்பவர்கள் அவர்கள்.

நம் தொழிலையே நினைத்துப் பாருங்கள். ஆடிட்டர் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. வவுச்சர் பார்க்கிறார், பேங்குக்கும் கடனாளிகளுக்கும் நேரடியாகக் கடிதம் எழுதி இருப்பை உறுதி செய்கிறார், குடோனுக்குப் போய்ச் சரக்கை எண்ணும்போது கூட நிற்கிறார். ரிவியூவர் இதில் எதையும் செய்வதில்லை. அச்சடித்த பேலன்ஸ் ஷீட்டை அவர் கையில் கொடுத்து, இது படிப்பதற்கு நம்பும்படி இருக்கிறதா என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். சாதாரணக் கம்பெனிக் கணக்குக்கு நாம் கேட்கும் ஆதாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம் துறையின் ஆராய்ச்சிக்கு நாம் கேட்பதில்லை என்பது என்னை நீண்ட நாளாக உறுத்துகிற விஷயம்.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதற்கு நம் துறையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. வணிகவியல் ஸ்காலர் எல்லாருக்கும் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் பென்ட்லி பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் ஹன்டன் என்ற அக்கவுன்டிங் பேராசிரியர் இருந்தார். துறையில் மிக அதிகமாகக் கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர், பெரிய பெயர். 2010-ல் 'தி அக்கவுன்டிங் ரிவியூ' ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கன் அக்கவுன்டிங் அசோசியேஷன் 1926 முதல் நடத்திவரும் ஜர்னல் அது, நம் துறையில் அதற்கு மேல் ஒரு படி இல்லை. கட்டுரையின் விஷயத்தையும் கவனியுங்கள். கணக்கு மோசடியால் என்ரான் என்ற பெரிய கம்பெனி விழுந்த பிறகு, 2002-ல் வந்த அமெரிக்க ஆடிட்டிங் விதி ஒன்று, ஒவ்வொரு ஆடிட் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து 'இந்தக் கம்பெனியில் மோசடி எங்கே நடக்கலாம்' என்று கலந்து பேச வேண்டும் என்றது. அந்தப் பேச்சை எந்த முறையில் நடத்தினால் நல்ல பலன் கிடைக்கும் என்பதை ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தின் 150 அமெரிக்க அலுவலகங்களில் பரிசோதித்துப் பார்த்ததாகக் கட்டுரை சொன்னது.

150 அலுவலகங்கள். ஆடிட் உலகம் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே இடித்தது, ஏனென்றால் 'பிக் ஃபோர்' எனப்படும் உலகின் நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்கள் எதற்கும் அமெரிக்காவுக்குள் அத்தனை அலுவலகங்கள் இல்லை. கேள்வி எழுந்ததும், வெளிநாட்டு அலுவலகங்களும் அதில் சேர்த்தி, தவறுதலாக அமெரிக்கா என்று எழுதிவிட்டோம் என்று விளக்கம் வந்தது. சரி, அப்படியானால் ஆதாரம் கொடுங்கள் என்று எடிட்டர் தரப்பு கேட்டது. வரவில்லை. ரகசிய ஒப்பந்தம்தான் காரணம் என்றார் ஹன்டன். 2012 நவம்பரில் அசோசியேஷன் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிழையான தகவல் இருந்ததை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், கேட்ட ஆதாரத்தை அவர்களால் தர முடியவில்லை என்று சின்ன அறிவிப்பு. அடுத்த மாதமே ஹன்டன் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பென்ட்லியின் விசாரணை அறிக்கை 2014 ஜூலையில் வெளிவந்தது. அந்தக் கட்டுரையிலும், 'கன்டெம்பரரி அக்கவுன்டிங் ரிசர்ச்' ஜர்னலில் வந்த இன்னொரு கட்டுரையிலும் அவர் ஆய்வு முறைகேடு செய்திருக்கிறார் என்று அது முடிவு சொன்னது. அந்த இரண்டாவது கட்டுரை நிறுவனத் தலைமையின் நேர்மைக்கும் லாபக் கணக்கின் தரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அவர் அங்கே இருந்தபோது செய்த மற்ற ஆராய்ச்சிகளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. 2015-ல் அசோசியேஷன் அவருடைய இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, மற்ற ஜர்னல்களையும் சேர்த்தால் கணக்கு முப்பதைத் தாண்டுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அந்தக் கட்டுரைகளில் அவரோடு பெயர் போட்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, உடந்தையாக இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று விசாரணை தெளிவாகவே சொன்னது. இருந்தும் அவர்களுடைய கட்டுரைகளும் சேர்ந்தே போயின. வேலை உறுதியாவதற்கும் பதவி உயர்வுக்கும் அந்தக் கட்டுரைகளை நம்பியிருந்த இளையவர்களும் அதில் இருந்திருப்பார்கள். மற்ற கட்டுரைகளுக்காவது மூல டேட்டாவை எடுத்துக் காட்டிக் காப்பாற்றலாம் என்றால், டேட்டா அவர்களிடம் இல்லை. சேகரித்ததும் வைத்திருந்ததும் அவர் ஒருவரே, மற்றவர்கள் அவர் அனுப்பிய கோப்பை வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு எழுதினார்கள். உங்கள் சீனியர் உங்களுக்குப் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் இதேதான், இன்னும் சொல்லப்போனால் உங்களுக்கு அந்தக் கோப்புகூடக் கிடைக்கவில்லை.

உங்கள் சீனியர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ரகசிய ஒப்பந்தம் என்பது நிஜமான விஷயம், ஆடிட் நிறுவனங்கள் சும்மா உள்ளே விடமாட்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் யாரிடமிருந்து எதை மறைக்கச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக அது நிறுவனத்தின் பெயரையும் ஊழியர்களின் அடையாளத்தையும் வாசகரிடமிருந்து மறைக்கச் சொல்லும். ஆய்வுக் குழுவில் இருக்கும் ஒருவரிடமிருந்து, பெயர்களை நீக்கிய பதில்களைக்கூட மறைக்க வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தம் இருந்தால், அது ஆச்சரியமான ஒப்பந்தம்தான். அப்படியே இருந்தாலும், நீங்களும் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கலாம். குறைந்தபட்சம் ஒப்பந்தத்தையாவது காட்டச் சொல்லலாம்.

நல்ல ஜர்னல்களே இப்போது இந்த வழியில் போகின்றன. சிகாகோவிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் அக்கவுன்டிங் ரிசர்ச்' டேட்டா விஷயத்தில் தனிக் கொள்கையே வைத்திருக்கிறது. எந்த ஆசிரியர் டேட்டாவைக் கையாண்டார், எப்படிக் கிடைத்தது, மூலத்திலிருந்து கடைசி அட்டவணை வரை எந்த புரோகிராமை வைத்து வந்து சேர்ந்தார்கள் என்று எழுதித் தர வேண்டும். ஒரு நிறுவனத்திடமிருந்து தனிப்பட்ட முறையில் வாங்கிய டேட்டா என்றால், அதை உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை எடிட்டரிடம் ரகசியமாகக் கொடுக்க வேண்டும். வாசகருக்குப் பெயர் தெரியாது, எடிட்டருக்குத் தெரியும். ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, ஆதாரமும் இருக்கிறது. இந்த ஏற்பாடு எல்லா ஜர்னலிலும் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் நீங்கள் அனுப்பப்போகும் ஜர்னலில் இது இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உட்கார முடியாது.

இங்கே ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். சிஎம்ஐஇ என்ற இந்திய நிறுவனத்தின் புரோவெஸ் மாதிரி ஒரு தரவுத்தளத்திலிருந்து கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகளை எடுத்து எழுதிய கட்டுரை என்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். சந்தா இருக்கும் எவரும் அதே வருடங்களை, அதே கம்பெனிகளை எடுத்து ஓட்டிப் பார்த்துவிடலாம். அங்கே வேறு வகைக் கோளாறு உண்டு. இருபது விதமாக ஓட்டி, புள்ளியியல்படி முக்கியம் என்று நட்சத்திரக் குறி விழுந்த ஒன்றை மட்டும் எழுதி, முதலிலிருந்தே அதைத்தான் தேடினேன் என்பார்கள். அதைத் தடுக்கச் சிகாகோ ஜர்னல் 2017 மாநாட்டுக்கு ஒரு நல்ல முயற்சி செய்தது. டேட்டா சேகரிக்கும் முன்பே திட்டத்தை மட்டும் அனுப்பச் சொல்லி, அதை வைத்தே ஏற்பதா என்று முடிவு செய்தார்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவதாக ஏற்பாடு. ஆனால் சர்வே, பேட்டி, நிறுவனத்துக்குள் செய்யும் பரிசோதனை என்று வந்துவிட்டால், அந்த டேட்டாவை உலகத்தில் வேறு யாராலும் மறுபடி எடுக்க முடியாது. சேகரித்தவர் சொல்வதுதான் சாட்சி. உங்கள் கட்டுரை இந்த வகை.

வார்த்தைக் காப்பி எவ்வளவு என்று காட்டும் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் 8 சதவீதம்தான் வந்திருக்கிறது, அப்புறம் என்ன பயம் என்று உங்கள் சீனியர் சொல்லலாம். நம் ஊரில் இந்தக் குழப்பம் நிறைய. யுஜிசி-யின் 2018 விதிமுறை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை ஒரு நிலை, 40 முதல் 60 வரை ஒரு நிலை, 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து என்று வகுத்திருக்கிறது. அதனால் கல்லூரிகளில் எல்லாரும் அந்தச் சதவீதத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அந்த மென்பொருள் பார்ப்பது வார்த்தைகளை மட்டும். இல்லாத 300 பேரிடம் சர்வே எடுத்ததாகச் சொந்த வார்த்தையில் எழுதினால் 0 சதவீதம் வரும்.

எண்களை நீங்களே சோதிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன், கணக்குப் படித்தவர்களுக்கு இது டிரையல் பேலன்ஸ் மாதிரி பழகிவிடும். 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுக்கும் கேள்வி, பதில் சொன்னவர்கள் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பதிலும் முழு எண், கூட்டினால் வருவதும் முழு எண், அதை 20-ஆல் வகுத்தால் சராசரி 3.70 அல்லது 3.75 என்று 0.05 இடைவெளியில்தான் வர முடியும். 3.72 என்று அட்டவணையில் இருந்தால் எங்கோ தவறு. ஆட்கள் நூறைத் தாண்டினால் இரண்டு தசம இடத்துக்கு இந்தச் சோதனை உதவாது. சிறிய குழுக்களில் நன்றாக வேலை செய்யும்.

ஒருமுறை ரிவியூவுக்கு வந்த கட்டுரை ஒன்றில் எனக்குச் சரியாக இதுவே மாட்டியது. 20 மேலாளர்கள், சராசரி 3.72. குற்றச்சாட்டாக எழுதாமல், இந்த எண் எப்படி வந்தது என்று தயவு செய்து விளக்குங்கள் என்று மட்டும் எழுதினேன். ஆசிரியர் யார் என்று எனக்குத் தெரியாது, எடிட்டர் வழியாகப் பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு இரண்டு பேர் பதில் எழுதாமல் விட்டுவிட்டார்கள், 18 பேரின் கூட்டுத்தொகை 67, வகுத்தால் 3.72, இதோ பெயர்கள் நீக்கிய முழு எக்செல் என்று அனுப்பியிருந்தார். கூடவே அட்டவணைக்குக் கீழே அந்த விவரத்தையும் சேர்த்து, கவனித்ததற்கு நன்றி என்று ஒரு வரி. எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. கேட்டதும் எடுத்துக் காட்ட முடிகிறவர்களுக்கு இந்தக் கேள்வியால் கோபம் வருவதே இல்லை.

ஆகவே உங்கள் சீனியரிடம் தயங்காமல் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்றுதான் பலருக்கும் தெரிவதில்லை. "அண்ணா, நாளைக்கு ரிவியூவர் டேட்டாவைப் பத்தி ஏதாவது கேட்டா நானும் பதில் சொல்லணும் இல்லையா, அதுக்காக ஒரு தடவை கூட உட்கார்ந்து பார்த்துக்கிறேன், கோப்பை நான் எடுத்துட்டுப் போகல, உங்க லேப்டாப்லயே காட்டுங்க" என்று கேட்டால் அதில் யாரும் தப்புக் காண முடியாது. பார்க்கும்போது இவற்றைக் கவனியுங்கள். கூகுள் ஃபார்ம் என்றால் ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் பதிவாகியிருக்கும், எல்லாப் பதிலும் ஒரே ராத்திரியில் வரிசையாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் அனுமதி தந்த கடிதமோ மின்னஞ்சலோ இருக்க வேண்டும், அதில் தேதி சர்வே தொடங்கும் முன்பாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அனுமதி தேவைப்படும் ஆய்வு என்றால் அந்தத் தாளும். பிறகு பொது அறிவு: அந்த ஊர்க் கிளையில் அத்தனை ஆடிட் ஊழியர்கள் இருக்கவே முடியுமா? அந்த 150 அலுவலகங்களை மறக்காதீர்கள், பெரிய ஜர்னலின் வாசலைத் தாண்டி வந்த அந்த எண் இந்த ஒரு சாதாரணக் கேள்வியில்தான் மாட்டியது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். இலக்கிய மீளாய்வும் மொழித் திருத்தமும் மட்டும் செய்தால் கோ-ஆத்தர் ஆகலாமா? மீளாய்வை நீங்கள் ஆழமாகச் செய்து, கருதுகோள்களே அதிலிருந்து பிறந்தன என்றால் தாராளமாக ஆகலாம். ஆங்கிலத்தைச் சரிபார்த்தது மட்டும்தான் என்றால் நன்றி சொல்லும் பகுதியில் பெயர் வருவதுதான் முறை. அதே அளவுகோல் மேலே இருப்பவர்களுக்கும் பொருந்தும். கட்டுரையை ஒருமுறைகூடப் படிக்காத கைடுக்கு மரியாதைக்காகப் பெயர் போடுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது, அதை மரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டுரையில் பிழை வந்தால் பதில் சொல்லும் பொறுப்பை அவருக்குத் தெரியாமலே அவர் தலையில் கட்டுகிறோம். பல ஜர்னல்கள் இப்போது யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்கின்றன. உங்கள் கட்டுரையில் அந்தப் பத்தியை இப்போதே இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். 'டேட்டா சேகரிப்பு: சீனியர். டேட்டா சரிபார்ப்பு:' என்று எழுதிவிட்டு அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று யோசிக்கும்போதே பாதிச் சிக்கல் வெளியே வந்துவிடும்.

காட்டவே முடியாது என்றால்? செய்த வேலைக்கு நன்றிப் பகுதியில் பெயர் போதும் என்று சொல்லி நாகரிகமாக விலகுங்கள். ஒரு கட்டுரை குறைந்தால் உங்கள் பிஎச்.டி. நின்றுவிடாது, யுஜிசி-யின் 2022 விதிமுறை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு அதை வைத்திருக்கலாம், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அப்படி இருந்தாலும் அதற்கு நீங்களே கையால் எடுத்த டேட்டாவில் ஒரு சின்னக் கட்டுரை எழுதுவது பாதுகாப்பு.

உங்களைக் கேட்காமல் அவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், முதலில் அவருக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள், வாயால் சொல்வதோடு விடாதீர்கள். டேட்டாவைப் பார்க்காததால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று இரண்டே வரி போதும். ஒரு வாரத்தில் நடக்கவில்லை என்றால் அதே மின்னஞ்சலை இணைத்து எடிட்டருக்கு எழுதுங்கள். ஆசிரியர் பட்டியலில் மாற்றம் கேட்டால் எப்படிக் கையாள வேண்டும் என்று, ஜர்னல் வெளியீட்டு அறநெறிக்கான கோப் (COPE) அமைப்பு எடிட்டர்களுக்குப் படிப்படியான வழிமுறையே கொடுத்திருக்கிறது (1997-ல் பிரிட்டனில் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது, இன்று பல துறைகளின் ஜர்னல்கள் அதில் இருக்கின்றன). எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் எடிட்டர் கேட்பார். கட்டுரை வெளிவரும் முன்பு இது ஒரு கடிதத்தோடு முடிகிற வேலை, வெளிவந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.